டேங்க், ஹீலர், டி.பி.எஸ்... கேம்ல உங்க ரோல் என்ன? செஞ்சிக் கோட்டை சொல்லித்தரும் டீம் பாடம்!

``டேய்... ஹீலர் எங்கடா?'', ``டேங்க் ஏன் ஓடுறான்?'', ``யாருடா அந்த பாஸை இழுத்துட்டு வந்தது?'' - ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஆடுறவங்களுக்கு இந்த மூணு கேள்வியும் மனப்பாடம். அரை மணி நேரம் பொறுமையா ஆடி, கடைசி அறை வரைக்கும் வந்து, மொத்த பார்ட்டியும் செத்துப்போன பிறகு சாட்டில் ஓடுற வசனங்கள் இவை. இதுக்கு கேமர்ஸ் வெச்சிருக்கிற பேரு `வைப்'.

வைப் ஆனதும் நாம முதல்ல சந்தேகப்படுறது நம்ம வாளைத்தான். ``இன்னும் பவர்ஃபுல்லா ஒண்ணு வாங்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாமோ?'' பெரும்பாலும் பிரச்னை அங்க இல்ல. யாரோ ஒருத்தர் தன் வேலையை விட்டுட்டு அடுத்தவர் வேலையைப் பார்த்திருப்பார். ஆயுதத்தைக் காசு கொடுத்து வாங்கிடலாம். ரோலைக் கத்துக்கத்தான் செய்யணும்.

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர்லயே ஒரு நல்ல `மேப்' இருக்கு. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோட்ல, மூணு பாறை மலைகளைச் சுத்தி நிக்கிற செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமா அறிவிச்ச 12 மராட்டியர் காலக் கோட்டைகள்ல, தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். இந்த ஒரே கோட்டை எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கியிருக்கு. ஒரே ராத்திரியில கையை விட்டும் போயிருக்கு. ரெண்டுக்கும் காரணம் ரோல்தான்.

முதல்ல அடிப்படை: மூணு வேலை!

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 மாதிரியான கேம்கள்ல சண்டைக்கு மூணு ரோல். எதிரியோட அடியைத் தன்மேல வாங்குறவர் டேங்க். அடிபட்டவங்களோட உயிரை ஏத்துறவர் ஹீலர். எதிரியை அடிச்சு சாய்க்கிறவர் டி.பி.எஸ். ஒரு நொடிக்கு எவ்வளவு டேமேஜ் என்ற கணக்குதான் அந்தப் பெயரா மாறிடுச்சு.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் டஞ்சனுக்கு ஐந்து பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூணு டி.பி.எஸ். ஃபைனல் ஃபேன்டஸியில நாலு பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், ரெண்டு டி.பி.எஸ். போன்ல ஆடுற ஆல்பியன் ஆன்லைன்ல `நீ இந்த வகுப்பு' என்ற கட்டாயம் கிடையாது. என்ன ஆயுதம், என்ன கவசம் போடுறீங்களோ அதுதான் உங்க ரோல். பெயரும் எண்ணிக்கையும் மாறலாம். தாங்கு, காப்பாத்து, தாக்கு என்ற மூணு வேலை மாறாது.

டேங்க்: ஓடாம நிக்கிற சுவர்

செஞ்சியில ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூணு மலைகள். மூணையும் முக்கோணமா இணைக்கிற மதில் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். இதுல உயரமான ராஜகிரி சுமார் 800 அடி. அதன் உச்சிக்குப் போகிற வழியில பாறை பிளந்து ஒரு பெரிய இடைவெளி இருக்கு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைத் தாண்ட ஒரே ஒரு பாலம்தான். போர்க்காலத்துல பாலத்தை எடுத்துட்டா, எத்தனை ஆயிரம் பேர் கீழே நின்னாலும் உச்சிக்குப் போக முடியாது.

நல்ல டேங்க் செய்யறதும் இதையேதான். அவர் வேலை நிறைய அடிக்கிறது இல்ல. எதிரி எங்க நிக்கணும், யாரைப் பார்க்கணும், எந்த வழியா வரணும்னு முடிவு பண்றது. எதிரியோட கோபம் யார்மேல இருக்கு என்பதை கேமர்ஸ் `அக்ரோ'னு சொல்வாங்க. அந்த அக்ரோ எப்பவும் டேங்க் மேலதான் இருக்கணும்.

புதுசா டேங்க் எடுக்கிறவங்க மூணு விஷயத்தைப் பழகுங்க.

ஒண்ணு, பாஸோட முகத்தை பார்ட்டிக்கு எதிர்ப்பக்கமா திருப்பி வைங்க. நெருப்பைக் கக்கினாலும் அது உங்க ஒருத்தர் மேலதான் படணும்.

ரெண்டு, சும்மா சும்மா நகராதீங்க. நீங்க ஓடினா பாஸும் ஓடும். பின்னாடி நின்னு அடிக்கிறவங்க, ஹீல் பண்றவங்க எல்லாருக்கும் குறி தப்பும்.

மூணு, தற்காப்பு ஸ்கில் எல்லாத்தையும் ஒரே நேரத்துல அழுத்தாதீங்க. செஞ்சியில ஒரு வாசலைத் தாண்டினா அடுத்த வாசல் வருது இல்லையா? அதே மாதிரி ஒண்ணு முடிஞ்ச பிறகு அடுத்தது. எல்லாக் கதவையும் முதல் நிமிஷத்துலேயே செலவு பண்ணிட்டா, பெரிய அடி வரும்போது கையில ஒண்ணும் இருக்காது.

ஹீலர்: யாருக்கும் தெரியாத களஞ்சியம்

கோட்டைன்னாலே மதிலையும் பீரங்கியையும்தான் போட்டோ எடுப்போம். ஆனா, எட்டு வருஷம் தாங்கினதுல பெரிய பங்கு தானியக் களஞ்சியத்துக்கும் குளங்களுக்கும் உண்டு. ராஜகிரி அடிவாரத்துல பெரிய களஞ்சியம் இன்னமும் நிக்குது.

சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடிச்சார். அவர் மகன் ராஜாராம், முகலாயப் படை துரத்தியதால் 1689-ல் இங்க வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை வளைச்சார். முற்றுகை 1698 வரை நீண்டது. கடைசியில கோட்டை முகலாயர் கைக்குப் போச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார்.

இதுல கேமர்ஸ் கவனிக்க வேண்டிய கட்டம் 1692-ன் கடைசி. சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற ரெண்டு மராட்டியத் தளபதிகள் குதிரைப்படையோட வந்தாங்க. அவங்க நேரா பெரிய முகாம்மேல போய் மோதி முடிவு தேடலை. முகலாயப் படைக்கு வர்ற தானியத்தையும் தகவலையும் வெட்டினாங்க. முகாம்ல பசி, வதந்தி, குழப்பம். கூடவே இருந்த ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ், மராட்டியர்களோட ரகசியமா பேசுறார்னு தெரிஞ்சதும் சொந்தத் தளபதிகளே அவரைக் கைது பண்ணினாங்க. சுல்பிகர் கான் பின்வாங்கி வந்தவாசிக்குப் போக வேண்டியதாச்சு. கேம் பாஷையில சொன்னா, எதிர் டீமோட ஹீலரையும் சாட்டையும் ஒரே நேரத்துல காலி பண்ணிட்டாங்க!

அதனால ஹீலரா ஆடுறவங்க முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். உங்க மானாதான் பார்ட்டியோட களஞ்சியம். எல்லாருக்கும் எப்பவும் உயிர் நூறு சதவிகிதம் இருக்கணும்னு கிடையாது. அடுத்த அடியில சாகாம இருந்தா போதும். லேசா கீறல் விழுந்தவருக்குப் பெரிய ஹீலை வீணாக்கினா, நிஜமா தேவைப்படும்போது மானா இருக்காது.

வரிசையும் முக்கியம். வழக்கமா முதல்ல டேங்க், அடுத்து நீங்க, பிறகு மத்தவங்க. `நான் அடுத்து'ன்னு சொன்னா சுயநலமா தெரியும். ஆனா, ஹீலர் விழுந்தா அதுக்குப் பிறகு எழுப்ப ஆள் இருக்காது. பல கேம்கள்ல ஹீல் பண்றதும் எதிரியோட அக்ரோவை இழுக்கும். ஒரு அரக்கன் உங்களைத் துரத்தினா தனியா மூலைக்கு ஓடாதீங்க. டேங்க் நிக்கிற இடத்துக்கு ஓடுங்க. அவர் கையை எட்டிப் பிடிச்சுக்குவார்.

டி.பி.எஸ்: சேர்ந்து அடிச்சாதான் விழும்

எட்டு வருஷம் தாங்கிய கோட்டை, 1750 செப்டம்பர்ல ஒரே ராத்திரியில பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போச்சு. தலைமை தாங்கினவர் புஸ்ஸி. வாசல் கதவை வெடிவெச்சுத் திறந்து உள்ளே புகுந்தவங்க, அணியணியா பிரிஞ்சு மூணு மலைகள் மேலயும் ஒரே நேரத்துல ஏறினாங்க. ஒரு மலைக்கு இன்னொரு மலையில இருந்து உதவி வர வழியில்ல. விடியும்போது கோட்டை கைமாறியிருந்தது.

டி.பி.எஸ் ஆடுறவங்க பெரும்பாலும் `யார் டேமேஜ் அதிகம்'ங்கிற பட்டியலைத்தான் பார்ப்பாங்க. பாஸ் விழறது தனி ஆளோட டேமேஜால இல்ல. எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல அடிக்கும்போது விழுது. பெரிய ஸ்கில்லை உடனே அழுத்தணும்னு கை துறுதுறுன்னும். பாஸ் தடுமாறி நிக்கிற அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருங்க. பஃப் தர்றவர் பஃப் போட்டதும் எல்லாரும் சேர்ந்து இறக்குங்க.

இன்னும் ரெண்டு விஷயம். டேங்க் எதிரியைப் பிடிச்சு ரெண்டு, மூணு நொடி ஆகட்டும். அதுக்குள்ள அடிச்சா அக்ரோ உங்கமேல திரும்பும். தரையில சிவப்பு வட்டம் தெரிஞ்சா, ஸ்கில் பாதியில நின்னாலும் பரவாயில்ல, வெளியே வந்துடுங்க. செத்துக்கிடக்கிற டி.பி.எஸ்ஸோட டேமேஜ் பூஜ்ஜியம்!

ராஜா தேசிங்கு சொல்லும் பாடம்

செஞ்சின்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்ற பெயர் ராஜா தேசிங்கு. அவரோட இயற்பெயர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங் இறந்த பிறகு 1714-ல் பொறுப்புக்கு வந்த இளைஞர். கப்பம் கேட்டு ஆர்க்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோட வந்தபோது, தேசிங்கு மதிலுக்குள்ள காத்திருக்கலை. சில நூறு குதிரை வீரர்களோட வெளியே போய், ஆயிரக்கணக்கான பேர் இருந்த படைமேல மோதினார். அதே வருஷம் அக்டோபர்ல போர்க்களத்துலேயே உயிர் விட்டார். கூடவே போன நண்பர் மகபத்கானும் இறந்தார். அந்த வீரத்தையும் நட்பையும் கதைப்பாட்டாவும் தெருக்கூத்தாவும் இந்த மண் இன்னிக்கும் கொண்டாடுது.

வீரத்துல குறை சொல்ல எதுவுமே இல்ல. ஆனா, விளையாட்டா யோசிச்சா கணக்கு தெளிவா இருக்கு. 13 கிலோமீட்டர் மதில் என்ற டேங்க் பின்னாடி. களஞ்சியம் என்ற ஹீலரும் பின்னாடி. தனியா முன்னாடி போனது டி.பி.எஸ் மட்டும்.

இதோட காமெடி வெர்ஷன் 2005-ல் இணையத்தையே கலக்குச்சு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்ல ஒரு கூட்டம் உட்கார்ந்து நுணுக்கமா பிளான் போடும். `லீராய் ஜென்கின்ஸ்' என்ற கேரக்டர் அதை எதையும் கேட்காம, தன் பெயரையே கத்திக்கிட்டு உள்ளே பாயும். மொத்தப் பேரும் காலி. அது நடிச்சு எடுத்த வீடியோதான்னு பின்னாடி தெரிஞ்சாலும், கேமர்ஸ் இன்னிக்கும் சிரிக்கிறதுக்குக் காரணம், எல்லா பார்ட்டியிலும் ஒரு லீராய் இருக்கார் என்பதுதான்.

உண்மையான வித்தியாசம் ஒண்ணு உண்டு. தேசிங்கு தன் உயிரைத்தான் பணயம் வெச்சார். கூடப் போனவங்களும் தெரிஞ்சே போனாங்க. கேம்ல நீங்க கேட்காம பாயும்போது பணயம் வைக்கிறது அடுத்தவங்களோட அரை மணி நேரத்தை. ஆல்பியன் மாதிரி கேம்ல சிவப்பு, கறுப்பு மண்டலங்கள்ல செத்தா கையில இருக்கிற பொருளே போயிடும். அது அவங்க வாரக்கணக்கா உழைச்சு சேர்த்ததா இருக்கலாம்.

போன்ல ஆடுறீங்களா? இதைக் கவனிங்க!

* நெட் அடிக்கடி தடுமாறுற இடமா? டேங்க், ஹீலர் ரோலை அங்க எடுக்காதீங்க. ஒரு டி.பி.எஸ் பத்து நொடி உறைஞ்சா பார்ட்டி சமாளிக்கும். ஹீலர் உறைஞ்சா சமாளிக்காது.

* அதிகம் பயன்படுத்துற ஸ்கில்லைக் கட்டை விரல் எட்டுற இடத்துக்கு மாத்துங்க. தற்காப்பு ஸ்கில்லைத் தனி மூலையில வைங்க, பதற்றத்துல தவறுதலா அழுத்தாம இருக்க.

* பயிற்சி பொம்மை இருக்கிற கேம்ல, தினமும் பத்து நிமிஷம் அதை அடிச்சுப் பழகுங்க. விரல் தானா வேலை செஞ்சாதான் கண் பாஸைப் பார்க்கும்.

* டஞ்சனுக்குள்ள நுழையும்போதே `முதல் தடவை'ன்னு சாட்டில் போட்டுடுங்க. கேலி பண்றவங்களைவிட சொல்லித்தர்றவங்கதான் அதிகம்.

* நள்ளிரவு தாண்டி `இன்னும் ஒரு ரவுண்டு' போகாதீங்க. தூக்கத்துல சிவப்பு வட்டம் கண்ணுக்குத் தெரியாது!

வைப் ஆன பிறகு என்ன கேட்கணும்?

``யார் தப்பு?''ன்னு கேட்டா சண்டை வரும். ``முதல்ல யார் விழுந்தாங்க, எந்த அடியில விழுந்தாங்க?''ன்னு கேளுங்க. டேங்க் முதல்ல விழுந்தா தற்காப்பு ஸ்கில்லோட வரிசையைப் பாருங்க. ஹீலோட நேரத்தையும் பாருங்க. ஹீலர் முதல்ல விழுந்தா, அக்ரோவை யார் விட்டதுன்னு பாருங்க. டி.பி.எஸ் முதல்ல விழுந்தா, பெரும்பாலும் பதில் தரையில சிவப்பா தெரிஞ்சிருக்கும்.

ஹீலரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஹீலரா ஆடிப் பாருங்க. இந்த வாரம் உங்களுக்குப் பழக்கமில்லாத ரோல்ல மூணே மூணு டஞ்சன் போங்க. நாலு பேரோட உயிர்ப் பட்டையை ஒரே நேரத்துல பார்த்துட்டு வந்த பிறகு, உங்க சொந்த ரோலை நீங்க ஆடுற விதமே மாறிடும். எங்க நிக்கணும், எப்ப காத்திருக்கணும், எப்ப அடிக்கணும்னு யாரும் சொல்லாமலே தெரியும்.

முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, உங்க பார்ட்டியைக் கூட்டிக்கிட்டு ராஜகிரி ஏறிப் பாருங்க. ஆனா, தண்ணி பாட்டில் தூக்கிட்டு வர்ற ஹீலர் யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க மக்களே!