நூலகத்துக்கு வரவைப்பது எது?

நூலகம் திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும். வாசற்படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பெரியவர்கள் நாளிதழுக்காகக் காத்திருப்பார்கள். மற்றவர்கள் இருபதைத் தாண்டிய இளைஞர்கள். அவர்கள் பையை எட்டிப் பார்த்தால் நமக்கு நன்றாகத் தெரிந்த புத்தகம் ஒன்று இருக்கும்: ஆறாம் வகுப்பு சமூக அறிவியல். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் நான் பல நாள் பார்த்த காட்சி இது. வேறு ஊரில் பணிபுரியும் ஆசிரியர்களும் இதைப் பார்த்திருப்பார்கள்.

“பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கம் இல்லை” என்று ஓய்வறையில் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, நூலகத்துக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். வராதவர்களைப் பற்றியும் அதிலிருந்து கொஞ்சம் தெரியவரும்.

முதலில் அந்த இளைஞர்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று ஏதோ ஒன்றுக்குப் படிக்கிறார்கள். தேர்வுக்கு அடிப்படையே பள்ளிப் பாடநூல்தான். அதை இப்போது கைப்பேசியிலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். பிறகு ஏன் நூலகத்துக்கு வர வேண்டும்? ஒருவரிடம் கேட்டேன். “வீட்ல உட்காந்தா எதாவது வேலை சொல்லுவாங்க சார். இங்க வந்துட்டா படிக்கிறேன்னு ஊருக்கே தெரியும்” என்றார். இந்தப் பதில் எனக்குப் பல நாள் மறக்கவில்லை. அவர் தேடி வந்தது புத்தகத்தை அல்ல. ஒரு மேசை, தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் தன்னைப் போலவே படிக்கும் இன்னொருவர், “சும்மா இருக்கிறான்” என்ற சொல்லிலிருந்து சில மணி நேர விடுதலை. ஓர் அறை, இரண்டு அறை வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமில்லை. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய விஷயம். வீட்டுக்கு வெளியே காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், நாள் முழுக்க உட்கார ஒரு பெண்ணுக்கு ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? கோயிலை விட்டால் நூலகம்தான்.

நாளிதழுக்கு வரும் பெரியவர்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒரு நூலகத்தை ஊரோடு கட்டிவைத்திருப்பவர்கள் அவர்கள்தான். இன்று வராவிட்டால் “எங்கே ஆளைக் காணோம்” என்று நாளை கேட்க ஆள் இருப்பதால் வருகிறார்கள். சிறுவர்கள் விடுமுறை நாளில் வருகிறார்கள். நம் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். இது பல மாணவர்களுக்குத் தெரியாது. பள்ளி மூடியிருந்தால் நூலகமும் மூடியிருக்கும் என்றே நினைக்கிறார்கள். ஏன், ஆசிரியர்களிலேயே சிலருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரியாது. அந்தக் கட்டடத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்கிறது. இதற்கு வழி செய்தது 1948இல் அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுதான். அதன் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். நம்மைப் போல் அவரும் ஆசிரியர், கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது அந்தத் தனிமை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தார். இங்கிலாந்து போய் அங்கே பொது நூலகங்களில் தொழிலாளிகளும் குழந்தைகளும் வந்துபோவதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். திரும்பி வந்து முதலில் செய்த வேலைகளில் ஒன்று, வாசகரே அலமாரிக்குச் சென்று புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பூட்டிய அலமாரியில் இருப்பதைப் பட்டியலைப் பார்த்துக் கேட்க வேண்டுமென்றால், என்ன கேட்பது என்று தெரிந்தவர்கள் மட்டும்தான் கேட்பார்கள்.

இதைப் படிக்கும்போது உங்கள் பள்ளி நூலக அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்று யோசித்திருந்தால், நானும் அதைத்தான் யோசித்தேன்.

மலையில் என்ன நிலை?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறும் பேருந்தில் போனவர்களுக்கு, இதுவரை நான் சொன்னதெல்லாம் கீழ்நாட்டுக் கதை என்று தோன்றும். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களை விட்டால் மற்றவை சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். மலையாளிப் பழங்குடியினர் பெரும்பாலோர் வசிக்கும் பகுதி. வேலை தேடிப் பெற்றோர் மாதக்கணக்கில் வெளியூர் போய்விட, தாத்தா பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளரும் பிள்ளைகள் நிறைய. பலர் தம் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவர்கள். இவர்களிடம் போய் “நூலகத்தைப் பயன்படுத்துங்கள்” என்றால் என்ன பொருள்?

மலைக்கு நூலகம் சரிப்படாது என்று நினைப்பவர்களுக்கு ஓர் உண்மைச் செய்தி. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இடமலக்குடி என்ற காட்டுப் பகுதி, முதுவர் பழங்குடியினரின் ஊராட்சி. அங்கே பி. வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு தேநீர்க் கடை நடத்தினார். மண் சுவர்க் கடை. அதற்குள் சாக்கு மூட்டைகளில் 160 புத்தகங்கள். உறுப்பினர் கட்டணம் ஒருமுறை 25 ரூபாய், மாதத்துக்கு 2 ரூபாய். யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதெல்லாம் ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. 2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டு வழியில் நடந்து சென்று பார்த்து எழுதிய பிறகே வெளியுலகம் இதை அறிந்தது. அப்போது சின்னத்தம்பிக்கு 73 வயது. முந்தைய ஆண்டில் 37 முறை புத்தகம் வெளியே போயிருந்தது. மலையாளத்தில் வந்த சிலப்பதிகாரமும் அந்த மூட்டையில் இருந்தது. அதையும் எடுத்துப் படித்தார்கள். அவருக்குத் துணை நின்றவர் முரளி மாஷ். மாஷ் என்றால் ஆசிரியர்.

37 என்ற எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டாம். 160இல் 37 என்றால் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. நம் பள்ளி நூலகப் பதிவேட்டை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கடைக்கு ஆட்களை வரவைத்தது எது? தேநீர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிதான். எப்படியும் நடந்துபோகிற வழியில் கடை இருந்தது. உள்ளே நுழையத் தகுதி எதுவும் தேவைப்படவில்லை. புத்தகம் எடுக்காமலும் உட்காரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, “இதைப் படித்துப் பாரேன்” என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் அங்கே இருந்தார். 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியதும் இதே கணக்கில்தான். வாசகர் வரும் வழியில் புத்தகம் போய் நின்றது.

கல்வராயன் மலையில் அப்படிப்பட்ட இடங்கள் எவை? நியாய விலைக் கடை, பேருந்து நிற்கும் மரத்தடி, அங்கன்வாடி, மளிகைக் கடைத் திண்ணை. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கட்டப்பட்ட நூலகக் கட்டடங்களும் உண்டு. உங்கள் ஊராட்சியில் அது திறந்திருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் கிராம சபையில் கேட்கலாம். பொது நூலகத் துறையின் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துப் போய் வீடுகளில் கொடுத்து வாங்குகிறார்கள். மலைக்கு ஏற்ற ஏற்பாடு அது. பள்ளி முடித்துவிட்டு ஊரில் இருக்கும் நம் முன்னாள் மாணவிகளை இதற்கு அனுப்பிவைப்பது நம்மால் முடியும்.

என்ன புத்தகம் என்பதிலும் நாம் தவறு செய்கிறோம். மலைக்கு என்றால் உடனே நீதிக் கதை. பெரியவர்களுக்கோ வேறு தேவைகள். மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்தால் என்ன செய்வது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் யார் மனுச் செய்யலாம், சாதிச் சான்றுக்கு என்னென்ன தாள் வேண்டும், எந்த வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. இவற்றை வீட்டில் படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பல இடங்களில் ஏழாம் வகுப்புப் பிள்ளைதான். அந்தப் பிள்ளை நூலகத்திலிருந்து ஒரு முறை பயனுள்ள தாளைக் கொண்டுவந்து பாட்டியிடம் படித்துக் காட்டிவிட்டால், அடுத்த முறை பாட்டியே அனுப்பிவைப்பார்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியதில் முதலாவது, ஒரு முறை கூட்டிப்போவது. நான்கு மாணவரோடு என்றாலும் சரி. நூலகத்துக்கு வராதவர்களில் பலரைத் தடுப்பது தூரம்கூட இல்லை. உள்ளே போனால் யாராவது “என்ன வேணும்?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான். ஒரு முறை உள்ளே போய், செருப்பை எங்கே விடுவது, எந்த அலமாரியில் சிறுவர் நூல், உறுப்பினர் படிவத்தை யாரிடம் கேட்பது என்று பார்த்துவிட்டால் அது போய்விடும். முன்கூட்டியே நூலகரிடம் பேசிவைத்தால், பெயர் சொல்லி வரவேற்பார்.

அடுத்தது, எடுத்த புத்தகத்துக்கு உடனே சுருக்கம் எழுதச் சொல்லாமல் இருப்பது. நான் பல ஆண்டுகள் எழுதச் சொன்னேன். பிள்ளைகள் எடுப்பதே குறைந்தது. எடுத்தவர்களும் மிக மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுத்தார்கள். நம் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளில் வந்திருக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவன் ‘நுழை’யை எடுத்தால் எடுக்கட்டும். “உனக்கு இதுவா?” என்று கேட்டால் அவன் எதையும் எடுக்க மாட்டான்.

மலையிலிருந்து வந்து படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரடியைக் கண்டு ஒரு நண்பன் மரத்தில் ஏறிக்கொள்ள, மற்றவன் செத்தவன் போல் கிடந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு, “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று வழக்கம்போல் கேட்டேன். அவன் எழுந்து, “கரடி மரம் ஏறும் சார். தேன் எடுக்க ஏறும். எங்க தாத்தா பாத்திருக்காரு. மேல ஏறுனவன ஏன் வுட்டுச்சு?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் விலங்குகள் பற்றிய நூல்கள் இருந்த அடுக்கை இரண்டு பேரும் தேடினோம். ஒரு பழைய நூலில் நம் காட்டுக் கரடி தேனுக்காக மரம் ஏறுவது எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவன் இரண்டு முறை படித்தான். பிறகு நூலகரிடம் போய், “இந்தப் புக்க எத்தன நாளு வச்சிக்கலாம்?” என்று கேட்டான்.