மாமனார் வயலில் கிளுவைக் கூட்டம்

அந்தமானில் பொழுது நம்மை முந்திக்கொண்டு விடிகிறது. மார்ச் மாதத்தில் காலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம். மாலை ஆறுக்கு இருட்டு. சென்னையிலிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர் கிழக்கே தள்ளியிருந்தும் அந்தத் தீவுகளுக்கும் பெங்களூருக்கும் ஒரே கடிகாரம் என்பதுதான் காரணம். ஆகவே பறவை பார்க்கப் போகிறவர்கள் நாலு மணிக்கே எழுந்து ஜீப்பில் ஏறிவிட வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். புனேயிலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி, பெங்களூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் நமது தமிழர் ஒருவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன், நான். குமாஸ்தா அரைத் தூக்கத்தில் இருந்தார். "எல்.டி.சி.யில் கடல் பார்க்க வந்தேன் சார். இந்தப் பயல் குருவி பார்க்க இழுத்து வந்துவிட்டான்" என்று அலுத்துக்கொண்டார்.

வழிகாட்டியும் தமிழர். தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். இவர் முன்பு வாடகை ஜீப் ஓட்டினார். பறவை பார்க்க வந்த வெளிநாட்டார் வண்டியை நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லி, எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்பது தானாகவே மனத்தில் பதிந்துவிட்டது என்கிறார். இப்போது ஜீப் ஓட்டத்தைவிட இதில்தான் வரும்படி.

கறுப்பு மரங்கொத்தி

போர்ட் பிளேரிலிருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) தெற்கே 25 கிலோமீட்டரில், தென் அந்தமான் தீவின் கோடியில் இருக்கிறது சிடியா டாப்பு. பெயரிலேயே பறவை இருக்கிறது. சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் நெரியும் இடம், விடியற்காலையில் வெறிச்சோடிக் கிடந்தது.

படாக்கும் கர்ஜனும் அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். இந்தக் காட்டில் புலி இல்லை, கரடி இல்லை, குரங்குகூட இல்லை. கேட்பதெல்லாம் பறவைச் சத்தந்தான். வழிகாட்டி திடீரென்று கையை உயர்த்தினார். 'டொக், டொக்' என்று யாரோ கதவைத் தட்டுவது போன்ற ஓசை. பட்டுப்போன மரம் ஒன்றில் காக்கை அளவுக்கு ஒரு மரங்கொத்தி. உடல் முழுவதும் கன்னங்கரேல். கொண்டை மட்டும் குங்குமச் சிவப்பு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலே இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. அவனுக்கு வயிறு வெள்ளை. கடல் நடுவே பிரிந்து போன இந்தக் கிளைக்கு அந்த வெள்ளையும் இல்லை. அந்தமானைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

செம்போத்து, கரிச்சான், வால்காக்கை, பாம்புண்ணிக் கழுகு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம் ஊர்ப் பெயர், நம் ஊர்ச் சாயல், ஆனால் நம் ஊர்ப் பறவை அல்ல. செம்போத்து என்று காட்டினார். நமக்குத் தெரிந்த கறுப்புத் தலை அதற்கு இல்லை, தவிட்டு நிறம். நேர்மாறாக, ஊருக்குள் திரியும் மைனாவும் சிட்டுக்குருவியும் அசல் நம் நாட்டுச் சரக்கு. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை. "அதுங்களும் நம்மளைப் போலக் கப்பல்ல வந்ததுங்க சார்" என்றார் வழிகாட்டி.

காங்கிரஸை ஆரம்பித்த பறவைக்காரர்

இந்தப் பறவைகளைக் கணக்கெடுத்து எழுதியவர்களில் முக்கியமானவர் யார் என்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். 1885இல் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த ஏ. ஓ. ஹியூம்தான் அவர். 1873இல் ஒரு குழுவோடு கப்பலில் வந்து அந்தமான், நிகோபார் தீவுகளைச் சுற்றினார். வடகிழக்கே தனியாக நிற்கும் நார்கொண்டம் என்ற எரிமலைத் தீவின் இருவாட்சிப் பறவையை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. சுமார் ஏழு சதுர கிலோமீட்டரே உள்ள அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் அது இல்லை. சிறப்பு அனுமதியின்றி அங்கே யாரும் போக முடியாது, நாங்களும் போகவில்லை.

பல வருஷம் உழைத்து எழுதிய பறவைக் கையெழுத்துப் பிரதிகளை, சிம்லாவில் ஹியூம் இல்லாத சமயம் பார்த்து வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். அதோடு மனமுடைந்து பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார் மனிதர். இதைக் கேட்டதும் குமாஸ்தாவுக்குத் தூக்கம் முழுவதும் கலைந்துவிட்டது. "ஆபீசில் ஒரு பைல் காணாமல் போனாலே நமக்கு உயிர் போகிறதே!" என்றார்.

கடல் போகாத வயல்

பிற்பகல் மூன்று மணிக்கு ஜீப் சிப்பிகாட் என்ற இடத்தில் நின்றது. சாலையின் இரு பக்கமும் தகடு போலத் தண்ணீர். நடுநடுவே தலையில்லாத தென்னை மரங்கள் தூண்களாக நிற்கின்றன. நீல நிறத் தாழைக்கோழிகள், செந்நாரைகள், வரிசை வரிசையாகக் கொக்குகள். பையன் தொலைநோக்கியை விடவே இல்லை.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட பழுப்பு வாத்துக் கூட்டம் ஒன்றைக் காட்டினார் வழிகாட்டி. அந்தமான் கிளுவை. மரப்பொந்தில் முட்டையிடும் இனம். 1990களில் எடுத்த கணக்கில் மொத்தமே ஆயிரத்துக்குள் என்று அஞ்சப்பட்ட பறவை. அன்று எங்கள் கண்ணெதிரே அறுபதுக்கு மேல் எண்ணினான் பையன். புனே ஆசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏரி எத்தனை வருஷத்து ஏரி?" என்று கேட்டேன்.

"ஏரி இல்லை சார். வயல். அந்த மொட்டைத் தென்னையிலிருந்து இந்தப் பக்கம் என் மாமனாருடையது" என்றார் அவர்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தபோது தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. வட அந்தமானில் பல இடங்களில் தரை மேலே எழும்பி, பவளப் பாறைகள் வெளியே தெரிந்தன. சுனாமி அலை வந்தது, திரும்பியது. ஆனால் தரையே தாழ்ந்து போனதால் சிப்பிகாட்டில் புகுந்த கடல் திரும்பவில்லை. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் உப்புநீர் ஏறுகிறது. நெல் விளைந்த மண்ணில் அதன்பின் நாற்று நடவில்லை. இரண்டொரு பருவத்தில் தென்னையும் காய்ந்துவிட்டது. ஆழமில்லாத தண்ணீர், சேறு, கோரை என்று பறவைகள் கேட்பதெல்லாம் அங்கே அமைந்துவிட்டன.

மாமனாருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கரை கட்டி, மதகு வைத்து, உப்பைக் கழுவினால் நிலத்தை மீட்டுவிடலாம் என்று இன்றுவரை பேசுகிறாராம். அப்படி மீட்டால் கிளுவைக்கு இடமில்லை. மருமகனின் தொழிலில் பாதி போகும். மீட்காவிட்டால், கிழவர் சாகும்வரை அந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில்தான் சந்தைக்குப் போவார். "மருமகன் என் வயலைக் காட்டிக் காசு வாங்குகிறான்" என்று ஒரு முறை, ஒரே முறை, சொன்னாராம். வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

எந்தப் பக்கம் நியாயம் என்றால் நான் கிழவர் பக்கம்தான் பேசுவேன். ஆனால் அந்தக் கிளுவைகள் தண்ணீரிலிருந்து ஒருசேர எழும்பி, தென்னைத் தூண்களுக்கு மேலே வட்டமடித்துத் திரும்ப வந்து இறங்கியபோது எனக்கும் வாய் அடைத்துப் போயிற்று என்பதை மறைக்கவில்லை. குமாஸ்தா மட்டும் பறவைகளைப் பார்க்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஊரில் அவருக்கும் கொஞ்சம் நிலம் இருந்து போனதாம். "வரப்புத் தெரிகிறதா?" என்று வழிகாட்டியிடம் மெதுவாகக் கேட்டார். வற்றம் நன்றாக இறங்கும் நாளில் ஒரு கோடு போலத் தெரியும் என்றார் அவர்.

இருட்டியதும் மறுபடி சிடியா டாப்பு சென்றோம், ஆந்தை பார்க்க. வழிகாட்டி ஒரு குரல் கொடுத்தார். காடு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு சாலையோர மரத்திலிருந்து பதில் வந்தது. விளக்கொளியில் இரண்டு மஞ்சள் கண்கள். அதன் பெயரிலும் ஹியூம் இருக்கிறார் என்றார் வழிகாட்டி. பையன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அன்றைய கணக்கு நாற்பத்து மூன்று பறவைகள்.

திரும்பும்போது சிப்பிகாட் எங்கள் வழியில் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கமாகவே போகச் சொன்னார் குமாஸ்தா. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரின் வாடை மட்டும் வந்தது.