இரயில் கற்றாழையும் தெளிந்த மதுவும்

தங்கவயல் அன்பர்கட்கு ஆனைக்கற்றாழையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தக்காணத்தின் இருப்புப் பாதையோரங்களில் வேலியாக நிற்பதால் அதனை இரயில் கற்றாழை என்றும் அழைப்பர். அதன் மடலில் முள்ளால் தம் பெயரைக் கீறி மகிழாத சிறுவர் நம்மில் எத்தனை பேர்? மழை பொய்த்தாலும் வாடாது. ஆடுமாடு வாய்வைக்கத் தயங்கும். ஆகவே பயனற்ற செடி என்றே அதனை எண்ணி வந்தோம்.

இச்செடியின் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் வழியே இந்தியாவுக்கு வந்தது. மெக்சிகோ மக்களோ கற்றாழையின் அடித்தண்டிலிருந்து நெடுங்காலமாக மது வடித்து வருகின்றனர். நீலக் கற்றாழையிலிருந்து வடிப்பது டெக்கீலா. வடபகுதிப் பாலையில் காடாக வளரும் வேறொரு செடியிலிருந்து வடிப்பது சோட்டோல். டெக்கீலா என்னும் பெயரை மெக்சிகோவின் குறித்த சில பகுதிகளுக்கே உரியதாக அந்நாட்டரசு 1974-ல் வரையறுத்தது.

நமக்கு அண்டையிலுள்ள சித்தூர் மாவட்டத்தில் இந்தியருள் ஒருவர் இக்கலையை மேற்கொண்டார். டெஸ்மண்ட் நாசரேத் என்பவர் தக்காண மேட்டில் தாமே வளர்ந்து கிடந்த ஆனைக்கற்றாழையைக் கொண்டு அங்கே வடிசாலை அமைத்து, 2011-ல் கோவாவில் அம்மதுவை விற்பனைக்குக் கொணர்ந்தார். டெக்கீலா என்று பெயரிட இயலாமையால் அது கற்றாழை மது என்றே வழங்குகிறது.

செய்முறை இதுவாகும். செடி முதிரப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். முதிர்ந்தபின் இருபது அடிக்கும் உயர்ந்த பூந்தண்டை ஒரே ஒருமுறை எழுப்பி, பூத்து மடியும். பூக்குமுன் மடல்களைச் சீவி நடுத்தண்டை எடுப்பர். மடற்சாறு பட்டால் தோல் எரியுமாதலின் இது எளிய வேலையன்று. தண்டிலுள்ள இனுலின் என்னும் சத்து, வேகவைத்தால் சர்க்கரையாகும். பின்னர் நசுக்கிச் சாறெடுத்துப் புளிக்கவைத்து வடிப்பர். மரப்பீப்பாயில் வைத்து முதிர்வித்தால் நிறமும் மரத்தின் மணமும் ஏறும். அவ்வாறு முதிர்விக்காதது நீர்போல் தெளிந்திருக்கும். செடியின் இயல்பான மணமே அதில் மேலோங்கும்.

இதைப் படிக்கும் தாய்மார், "குடியின் பெருமையை நமக்கேன் கூற வேண்டும்?" என்று வினவலாம். வினா நியாயமானதே. சம்பள நாளில் குடியால் கலங்கிய குடும்பங்களை நாம் அறியாதவரல்லோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. எவரும் இதனை இல்லத்தில் வடித்துப் பார்க்க எண்ணலாகாது. உரிமமின்றி வடிப்பது குற்றம், உயிருக்கும் கேடு.

நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பூமிக்கடியில் தங்கம் தேடினர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் நம் இளைஞர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். அவ்வழியில் அவர் கண்ட வறண்ட நிலத்துச் செடியிலும் ஒரு தொழில் ஒளிந்திருந்தது. அறிந்தவன் கையில் அது பொருளாயிற்று.

மது வடித்தல் ஒன்றே வழியன்று. மெக்சிகோவில் கற்றாழைச் சாற்றின் சர்க்கரையைப் புளிக்கவிடாது பாகாகவும் காய்ச்சுகின்றனர். மடலின் நார் கயிறாகும். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. பத்தாண்டு வளர்ந்ததை ஒரு நாளில் வெட்டி, மீண்டும் நடாது விட்டால், காட்டுச் செடியும் ஒருநாள் தீர்ந்துபோகும். தோண்டி முடித்த சுரங்கத்தின் கதியை நம்மைவிட அறிந்தவர் யார்? நற்பேறாகக் கற்றாழை, வாழையைப்போல் அடியில் கன்று ஈனும். கன்றைப் பேணி நடுவோர்க்கே அது நிலைத்த செல்வமாகும்.

குடியை விலக்குவோம், செடியை விலக்க வேண்டா. தொழிற்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் இதனைச் சிந்திப்பாராக.