எழுத்தும் இருக்கையும்

ஆண்டவனைப் பற்றி நமக்குள்ள கருத்தை ஊரறியும். உறுவையாற்று உழவரும் அறிவார், வில்லியனூரில் மூட்டை சுமக்கும் தோழரும் அறிவார். மாதா கோயில் மணியோசைக்கு மயங்குவோரல்லர் நாம். எனினும், அங்கி அணிந்தவர் என்பதற்காக ஒருவர் ஆற்றிய நற்பணியை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆகவேதான் தோழர்களே, இன்று ஓர் ஆயரின் கதையைச் சொல்கிறோம்.

கிளமான் பொன்னான் என்பது அவர் பெயர். பொன் இருக்கிறதே, தமிழரோ என்று எண்ணிவிடாதீர்கள்! பிரெஞ்சு நாட்டவர். 1796இல் பிறந்து, 1824இல் கடல் கடந்து இங்கு வந்தவர். தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களில் பாதிரியாராகப் பணிபுரிந்தார். 1833இல் ஆயரானார். 1836இல் புதுவை மிஷனின் தலைமை அவர் கைக்கு வந்தது.

அன்று புதுவை பிரெஞ்சுக்காரன் ஆட்சியில். பெண் படித்தால் குடி கெடும் என்று பெரியவர்கள் பேசித் திரிந்த காலம். ஏடெடுத்தவள் தாசி என்று ஏளனம் பேசிய காலம். வெள்ளைத் தோலுக்கு நாற்காலி, கறுப்புத் தோலுக்குக் கைகட்டி நிற்கும் கடமை என்றிருந்த காலம்.

அந்தக் காலத்தில், 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் பாதிரிமாரைப் புதுவையில் கூட்டி மாநாடு நடத்தினார் பொன்னான். அங்கே இரண்டு கருத்துகள் ஓங்கி ஒலித்தன. ஒன்று, பள்ளிகள் பெருக வேண்டும். மற்றொன்று, இந்த மண்ணின் மைந்தர்களே குருமார்களாக வேண்டும்.

பேசிக் கலைந்த மாநாடன்று அது! அதே ஆண்டில் துப்புய் என்ற பாதிரியார், தமிழ்ப் பெண்களைக் கொண்டே கன்னியர் சபை ஒன்றைப் புதுவையில் தொடங்கினார். எதற்கு? பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க! சாவித்திரிபாய் பூலே புனேயில் பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கியது 1848இல். செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுரிமை முழக்கத்தைத் தந்தை பெரியார் எழுப்பியது 1929இல். ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்!

இரண்டாவது கருத்து என்னாயிற்று? ரோமாபுரி வரை போயிற்று. 1845இல் அங்கிருந்து ஆணை பிறந்தது: உள்நாட்டவரைக் குருக்களாக்குக, ஆயர்களாகவும் ஆக்குக, அவர்களை வெறும் உதவியாளர்களாக வைத்திருக்கும் வழக்கத்தை விட்டொழிக்க! ஆணை விரைந்து வந்தது. ஆனால் அதிகாரம்? பொன்னான் 1861இல், இந்திய மிஷன்களைப் பார்வையிடச் சென்ற வழியில், காசியில் மாண்டார். புதுவையின் பேராயர் இருக்கையில் தமிழர் அமர்ந்தது 1955இல், அம்புரோஸ் ராயப்பர் வந்தபோதுதான்! பிரெஞ்சு ஆட்சி வெளியேறியது 1954இல். அதற்கு அடுத்த ஆண்டில் அவர் வந்தார். மாநாட்டுக்கும் இருக்கைக்கும் இடையே 111 ஆண்டுகள்!

பொன்னானுக்குப் புகழ்மாலை சூட்டிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. அவர் காலத்துக் கோயில்களில் சாதிப் பிரிவினை இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் அந்தக் கறையைக் கழுவவில்லை. பாதிரிமார் அதைப் பொறுத்துப் போனார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2022இல் ஆந்திரத்து அந்தோணி பூலா, தலித் மக்களிலிருந்து முதல் கர்தினாலானார், வாழ்த்துகிறோம். ஆனால் அதே ஆண்டில், புதுவை–கடலூர் பேராயர் நியமனத்தின்போது, எங்களில் ஒருவருக்கு இடமில்லையா என்று தலித் கிறிஸ்தவர்கள் போராட நேர்ந்ததே, ஏன்?

எழுத்தைக் கொடுத்தவர்கள் இருக்கையைக் கொடுக்கத் தயங்குகிறார்கள். கோயிலில் மட்டுமா இந்தத் தயக்கம்? சங்கத்திலும் உண்டு, பஞ்சாயத்திலும் உண்டு. கசப்பானாலும் சொல்வோம்: நம் கிளைக் கழகங்களிலும் உண்டு. கொடி பிடிக்கச் சேரித் தோழர், கோலம் போடத் தாய்மார், மேடை நாற்காலிக்கு மட்டும் வேறு ஆளா?

உறுவையாற்றுத் தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் நாற்காலி யாருக்கு என்று பாருங்கள். பிறரைக் கேட்கும் தகுதி, அதன் பிறகே நமக்கு உண்டு.