பந்தயம் கடக்கும் ஊர்களும் ஒரு பெயர்ப்பலகையும்

காற்பந்து இல்லாத ஜூலை மாத இரவுகளில், சுபாங் ஜெயா மாமாக் கடைத் தொலைக்காட்சியில் சில வேளை பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயம் ஓடும். வீரர்களைவிட அவர்கள் கடக்கும் சிற்றூர்களே என்னைக் கவர்ந்தன. ஹெலிகாப்டர் கேமரா ஒரு பழைய தேவாலயத்தைச் சுற்றி வரும். வர்ணனையாளர் அதன் வரலாற்றைச் சொல்வார். அல்ப் துவேஸ் மலைச்சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அம்மலையில் வென்றவர்களின் பெயர்ப்பலகை நிற்கிறது. 1952-இல் முதன்முதலில் வென்ற இத்தாலியர் ஃபாஸ்டோ கோப்பியும் அங்கே இருக்கிறார்.

நமக்கும் ஒரு பந்தயம் உண்டு. டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது 1996-இல் தொடங்கிய 'லெ தூர் டி லங்காவி'. பெயரில் லங்காவி இருந்தாலும் தீபகற்பம் முழுவதும் சுற்றும். கெந்திங் மலையேற்றத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் பேச விரும்புவது பேராக்கைப் பற்றி. 2014-இல் ஒருநாள் பந்தயம் சுங்கை பட்டாணியில் புறப்பட்டுத் தைப்பிங்கில் முடிந்தது. மறுநாள் கம்பாரில் தொடங்கிக் கேமரன் மலை ஏறியது.

தைப்பிங் என்றால் மழை, ஏரிப் பூங்கா, 1883-இல் தோன்றிய பேராக் அரும்பொருளகம். இவற்றைச் சுற்றுலாக் கையேடுகளே சொல்லிவிடும். மலாயாவின் முதல் இரயில் பாதை இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்குப் போனது. 1885 ஜூன் 1-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க அது போதுமானதாக இருந்தது. காட்டையும் சதுப்பையும் வெட்டிப் பாதை அமைக்க, இலங்கையிலிருந்து 'பயனியர்' படைத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். தமிழர்கள் நிறைந்திருந்த படை அது. இன்று அங்கே இரயில் இல்லை. போர்ட் வெல்ட், கோலா செபத்தாங் ஆகிவிட்டது. ஆனால் கடைகளுக்கு நடுவே பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், அவற்றோடு தமிழும்! பாதை போட்டவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லைதான். அவர்களின் எழுத்தாவது இருக்கிறது.

கம்பாருக்கு அருகே பத்து காஜா. அங்குள்ள கெல்லி கோட்டையைப் பேய் மாளிகை என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-இல் கட்டத் தொடங்கியது. செங்கல் இந்தியாவிலிருந்து, கொத்தனார்கள் மதராசிலிருந்து. இடையில் ஸ்பானிய நச்சுக் காய்ச்சல் வந்து தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் சம்மதித்தார். கோயிலின் கூரையில் தெய்வச் சிலைகளோடு அவருடைய சிலையும் நிற்கிறது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. முடிந்தது கோயில்தான். பலரும் மாளிகையைப் படம் பிடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள கோயிலைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

நமக்கு ஹெலிகாப்டர் தேவையில்லை. சுபாங் ஜெயாவில் கொமூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் மாறினால் பத்து காஜாவிலும் இறங்கலாம், தைப்பிங்கிலும் இறங்கலாம். கழகத்தின் அடுத்த சுற்றுலாவுக்குக் கடற்கரைதான் வேண்டும் என்று வாக்களிக்கும் நண்பர்கள், இம்முறை கோலா செபத்தாங் பலகையின் முன் ஒரு குழுப்படம் எடுக்கவாவது சம்மதிக்க வேண்டும்.