தக்காளி விதைப் பக்கற்றை வாங்கும் முன்

வன்னிக் கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது ஒரு குறையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தக்காளி விதை முதல் தடவை நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்திலேயே விதை எடுத்து அடுத்த காலபோகத்தில் போட்டபோது ஒரு கன்று ஒரு மாதிரியும் இன்னொரு கன்று வேறு மாதிரியும் வந்தது. சிலதில் சின்னச் சின்னக் காய், சிலது இலை சுருண்டு நின்றுவிட்டது. மண் பழுதாகிவிட்டது என்கிறார்கள் சிலர். தங்களுக்குக் கைராசி இல்லை என்கிறார்கள் வேறு சிலர். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். மற்ற எல்லா இழப்போடும் சேர்த்து இதையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

மண்ணிலும் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. அந்தப் பக்கற்றைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் ‘எஃப்1’ என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். இரண்டு வேறுபட்ட தாய் வரிசைகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறைக் கலப்பின விதை என்பது அதன் பொருள். முதல் தலைமுறையில் எல்லாக் கன்றும் ஒரே சீராக வளரும், விளைச்சலும் கூட. ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதையில் தாய் தகப்பனின் குணங்கள் பிரிந்து போகும். ஒரு நோயைத் தாங்கும் சக்தி ஒரேயொரு ஆட்சியுடைய மரபணுவால் வருகிறதென்றால், இரண்டாம் தலைமுறையில் சராசரியாக நான்கில் ஒரு கன்றுக்கு அது கிடைக்காது. நாற்பது கன்று நட்டால் பத்துக் கன்று பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

கலப்பினம் என்றால் மலட்டு விதை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது சரியல்ல, முளைக்கும், காய்க்கும், ஆனால் ஒரே சீராக இராது. மரபணு மாற்றப்பட்ட விதையும் இதுவும் ஒன்றல்ல. பொறுமையுள்ள ஒருவர் ஆறேழு தலைமுறை தொடர்ந்து நல்ல கன்றைத் தெரிந்து விதை எடுத்தால், அதிலிருந்தே ஒரு நிலையான வகையை உருவாக்கிவிடலாம். ஆனால் கறிக்குத் தக்காளி தேடுகிறவருக்கு அந்தப் பொறுமை எதற்கு?

விதை எடுக்கக்கூடிய வகைகளைத் ‘திறந்த மகரந்தச் சேர்க்கை’ வகை என்பார்கள். முன்பு எங்கள் வளவுகளில் நின்றவை பெரும்பாலும் இவைதான். பொருளாதாரத் தடையால் யூரியாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த 1990களில் நான் சிறுபிள்ளை. அந்த நாட்களில் அம்மா தக்காளி விதை வாங்கியதாக எனக்கு நினைவில்லை. சாம்பலில் பிரட்டிய விதை ஹோர்லிக்ஸ் போத்தலில் குசினித் தட்டில் இருக்கும். கடைசி யுத்தத்தின்போது கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம் மாறி மாறி ஓடியவர்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போனார்கள். விதைப் போத்தலை எடுத்துப்போக யாருக்கு நேரமிருந்தது? திரும்பி வந்தபோது கையில் கிடைத்தது பக்கற் விதை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதி விதையை நம்பியிருப்பதென்றால் என்னவென்று எல்லோருக்கும் விளங்கியது.

இதனால் கலப்பினத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சந்தைக்குக் கொடுப்பவருக்கு அது லாபமாக இருக்கலாம். வீட்டுத் தேவைக்கு என்றால் பாதிக்காவது விதை எடுக்கக்கூடிய வகையை வையுங்கள். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ‘திலின’ பற்றீரியா வாடலை ஓரளவு தாங்கும் வகை. ‘ரோமா’, ‘மார்குளோப்’ என்பவை அமெரிக்காவில் உருவான பழைய வகைகள். அவற்றிலும் விதை எடுக்கலாம். ரோமா நீளமாக, சதைப்பற்றாக, சாறு குறைவாக இருக்கும். ‘செரி’ எனப்படும் சின்னத் தக்காளி வெக்கையிலும் மற்றவற்றைவிட நன்றாகக் காய் பிடிக்கும். எது கையிருப்பில் உள்ளதென்று உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கேட்கும்போது எஃப்1 வேண்டாம், விதை எடுக்கக்கூடியது வேண்டும் என்று சொல்லியே கேளுங்கள்.

வகையை எவ்வளவு பார்த்து எடுத்தாலும் காலம் பிழைத்தால் பயனில்லை. பகல் 32 பாகை செல்சியஸையும் இரவு 21 பாகையையும் தாண்டத் தாண்டத் தக்காளியில் பூ கொட்டும், காய் பிடிப்பது குறையும். எங்கள் பகுதியில் இரவு ஓரளவாவது குளிர்வது மார்கழி, தை மாதங்களில்தான். ஆகவே ஐப்பசிக் கடைசியில் மழை நேரே படாதபடி கிடுகுக்குக் கீழே நாற்றுப் போட்டு, மூன்று நான்கு கிழமைக் கன்றாக, பெருமழை தணியும்போது நடுவது நல்லது. சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் நட்டுவிட்டுப் பூ கொட்டுகிறதென்று மருந்தடிப்பது வீண் செலவு.

நாற்றுமேடையில் வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரித்துவிட்டு விதைத்தால் மண்ணிலுள்ள நோய்க் கிருமிகள் குறையும். கன்றை நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் ஒரு பகுதியும் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். அந்தத் தண்டிலும் வேர் வரும்.

நன்றாக நின்ற கன்று, இலை பச்சையாக இருக்கும்போதே மதியம் வாடி, பின்னேரம் தெளிந்து, சில நாட்களில் அப்படியே செத்துப்போகிறதா? பற்றீரியா வாடலாக இருக்கலாம். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் நனையத் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல ஓர் இழை கீழே இறங்கினால் அதேதான். இதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். கன்றை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் சில வருடங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எதுவும் வைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். அங்கே வெங்காயமோ சோளமோ குரக்கனோ போடலாம்.

வீட்டுத்திட்டக் காணியில் மாற்றி நட இடமெங்கே என்று கேட்பீர்கள். பழைய உரப்பையில் நோயில்லாத இடத்து மண்ணும் கூட்டெருவும் நிரப்பி, அடியில் துளையிட்டு ஒரு கன்று வைக்கலாம். சொந்தக் காணி இன்னும் விடுபடாமல் இரவல் வளவில் இருப்பவர்களுக்கு இது இன்னொரு வகையிலும் உதவும். எழும்பச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

காயின் அடிப்பக்கம் கறுத்து அமிழ்ந்து போவதைப் பார்த்ததும் பலர் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். அது கிருமியால் வருவதல்ல. ஒருநாள் வெள்ளமாகவும் நான்கு நாள் வறட்சியாகவும் விட்டால் காய்க்குக் கல்சியம் போய்ச் சேராது. தினமும் அளவாக, அடியில் ஊற்றி, வைக்கோலால் மூடிவிடுங்கள். கிணறு உவரென்றால் காய் சிறுக்கும். மழைக்காலத்துக் கன்று அங்கேயும் ஓரளவு தப்பும்.

இனி விதை. நல்ல பழத்தைக் கறிக்கு எடுத்துவிட்டு மிஞ்சிய சொத்தைப் பழத்தில் விதை எடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும். இலை சுருளாத, வாடாத, நன்றாகக் காய்த்த ஐந்தாறு கன்றுக்கு முன்கூட்டியே நூல் கட்டிவிடுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்வது என்பதால், வேறு வகை சில அடி தள்ளி நின்றாலும் பெரிய கலப்பு வராது. முழுக்கப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு ஒரு பாத்திரத்தில் பிழிந்து, ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பதைத் தடுப்பது. புளித்தால் அது கழன்றுவிடும். அதற்கு மேல் விட்டால் பாத்திரத்திலேயே முளைத்துவிடும். கழுவி, மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்குவதைத் துணியிலோ தட்டிலோ பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கடதாசியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

நன்றாகக் காய்ந்ததும் இறுக்கமான போத்தலில் போட்டு, வகையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் ஒட்டி, அடுப்பு வெக்கை படாத இடத்தில் வையுங்கள். ஈரமில்லாமல் இருந்தால் மூன்று நான்கு வருடம் முளைக்கும். ஒரு போத்தலோடு விடாதீர்கள். இன்னொரு பங்கை வேறு ஊரில் இருக்கும் சகோதரி வீட்டிலோ சிநேகிதி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். புரட்டாதியில் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் ஏழு எட்டாவது முளைத்தால் அந்தக் காலபோகத்திற்கு அதே விதை போதும்.