இணையத்தில் ஒரு சொந்த விலாசம்

1990-ஆம் வருஷத்தின் கடைசி மாதங்களில், ஜெனீவா நகரத்தை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், தம் மேஜைமேல் இருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் உலகத்தின் முதல் பிரவுசரை எழுதி முடித்தபோது, அதை வெறும் வாசிப்புக் கருவியாக அவர் அமைக்கவில்லை. எந்த ஜன்னலில் ஒரு பக்கத்தைப் படிக்கிறோமோ அதே ஜன்னலில் அதைத் திருத்தவும், புதிதாக ஒன்றை எழுதவும், ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து மற்றொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கவும் அதில் வசதி இருந்தது; ஹெச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைச் சாமானிய மனிதர்கள் கண்ணால் காணவேண்டிய அவசியமே நேராது என்பது அவருடைய எண்ணம். ஆனால் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் சொற்பம். 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசைக் என்ற பிரவுசர், எழுத்தின் நடுவே படத்தையும் சேர்த்துக் காட்டி ஜனங்களின் மனத்தைக் கவர்ந்ததே தவிர, எழுதும் வசதியைக் கைவிட்டுவிட்டது. வாசிப்போர் ஒரு ஜாதி, எழுதுவோர் வேறு ஜாதி என்ற பிரிவினை இணையத்தில் அப்படித்தான் புகுந்தது.

கோடிங் அறியாதவர்களுக்காக இன்றுவரை வெளிவந்திருக்கும் வடிவமைப்பு மென்பொருள்கள் அனைத்தும் அந்தப் பிரிவினையை அழிக்க எடுத்துக்கொண்ட பிரயத்தனங்களே என்பது என் அபிப்பிராயம். 1995-இல் வெர்மீர் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனம் ஃப்ரன்ட்பேஜ் என்னும் மென்பொருளை வெளியிட, அடுத்த ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. வேர்டில் ஒரு கடிதம் அடிக்கத் தெரிந்தவர் எவரும் அதில் ஓர் இணையப் பக்கத்தை அமைத்துவிடலாம். திரையில் என்ன தெரிகிறதோ அதற்கு வேண்டிய குறிமொழியை மென்பொருளே பின்னால் எழுதிக்கொள்ளும். அது எழுதிய குறிமொழியின் லட்சணத்தைப் பற்றி அக்காலத்து நிபுணர்கள் முகம் சுளித்தார்கள் என்பதும் உண்மைதான். மேலும், வருகையாளரை எண்ணும் கருவி போன்ற அதன் சில அலங்காரங்கள், மைக்ரோசாஃப்டின் விசேஷ இணைப்புகள் நிறுவப்பட்ட சர்வரில் மட்டுமே இயங்கின. வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் அவை செத்துப் போயின. 1997 டிசம்பரில் மேக்ரோமீடியா வெளியிட்ட ட்ரீம்வீவர் இந்த விஷயத்தில் நாணயமானது. தோற்றத்தையும் குறிமொழியையும் சேர்த்துக் காட்டி, ஒன்றை மாற்றினால் மற்றது எப்படி மாறுகிறது என்பதைப் பயில்பவருக்கு அது விளங்க வைத்தது. நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் ‘வெப் டிசைனிங்’ என்ற பெயரில் ஒரு தலைமுறையே கற்றது பெரும்பாலும் இவ்விரண்டையுந்தான்.

பக்கத்தை அமைத்துவிட்டால் மட்டும் போதுமா? அது இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு சர்வரில் குடியேற வேண்டும். அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்துப் புகழ் பெற்றது, 1994-இல் கலிபோர்னியாவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் தொடங்கிய ஜியோசிட்டீஸ். அதில் பேட்டைகள் இருந்தன. சினிமாப் பிரியர்களுக்கு ‘ஹாலிவுட்’, கம்ப்யூட்டர்ப் பித்தர்களுக்கு ‘சிலிக்கன்வேலி’, விஞ்ஞானக் கதை ரசிகர்களுக்கு ‘ஏரியா51’ என்று பேட்டை பிரித்து, ஒவ்வொருவருக்கும் கதவிலக்கம் கொடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் வர்ணங்களும், ஓயாமல் துள்ளும் படங்களும், ‘கட்டுமானம் நடைபெறுகிறது’ என்ற பலகையுமாக அந்தப் பக்கங்கள் அழகுணர்ச்சியைப் படாத பாடு படுத்தியவை என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் தன் பூனையைப் பற்றியோ, தான் சேகரித்த தபால்தலைகளைப் பற்றியோ உலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒரு மனிதர் இத்தனை சிரமம் எடுத்துக்கொண்டாரே என்று நினைக்கும்போது, இன்றைய வழவழப்பான பக்கங்களைவிட அவைமீதே எனக்கு வாஞ்சை உண்டாகிறது.

அந்தப் பேட்டைகளின் கதி என்ன ஆயிற்று என்பதை, தளம் அமைக்க விரும்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. 1999-இல் ஜியோசிட்டீஸை யாஹூ வாங்கிற்று. வாங்கிய கொஞ்ச நாளில், அங்கே குடியிருப்போர் எழுதியவற்றின்மீது தனக்கு விஸ்தாரமான உரிமைகளைக் கோரும் புதிய நிபந்தனைகளை அது பிறப்பிக்க, பலர் கோபித்துக்கொண்டு வெளியேறத் தொடங்கிய பிறகே அந்த வாசகத்தை வாபஸ் பெற்றது. பத்து வருஷங்கள் கழித்து, 2009 அக்டோபர் 26-ஆம் தேதி, அமெரிக்க ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நிறுவனமும் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டமும் அவசர அவசரமாகப் பிரதி எடுத்துக் காப்பாற்றியவை தவிர, மற்றவை மறைந்தன. ஆப்பிள் நிறுவனம் 2006-இல் கொடுத்த ஐவெப் வேறு விதமான பாடம். புகைப்படத்தை இழுத்து வைத்தால் பக்கம் தயாராகும் அழகிய மென்பொருள் அது. அதன் பக்கங்கள் வழக்கமாகக் குடியிருந்த மொபைல்மீ என்ற சேவை 2012 ஜூன் 30-இல் நின்றுபோயிற்று. ஆனால் ஐவெப்பில் செய்த தளத்தின் மூலம் செய்தவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. விவரம் தெரிந்தவர் அதை வேறொரு சர்வரில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார். கையில் ஒரு பிரதி இருந்ததும் இல்லாததுமே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போதைய கருவிகளுக்கு வருவோம். 2006-இல் இஸ்ரேலில் தொடங்கிய விக்ஸ், அதற்கு மூன்று வருஷம் முன்னதாக அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவரின் விடுதி அறையில் பிறந்த ஸ்குவேர்ஸ்பேஸ், ஜிமெயில் உள்ள எவரும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய கூகுள் சைட்ஸ் ஆகியவற்றில் மென்பொருளை இறக்கிக்கொள்ள வேண்டியதே இல்லை; பிரவுசருக்குள்ளேயே ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்து, தலைப்பையும் படத்தையும் மாற்றி, ‘பப்ளிஷ்’ பொத்தானை அழுத்தினால் ஒரு மாலைப் பொழுதில் தளம் எழுந்துவிடும். இந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. விக்ஸில் அமைத்த தளம் விக்ஸின் சர்வரில்தான் வாழும். முழுத் தளத்தையும் அப்படியே பெயர்த்தெடுத்து வேறிடம் கொண்டுபோக வழியில்லை. சாமான்களோடு குடிவந்து, போகும்போது சாமான்களை வைத்துவிட்டுப் போக வேண்டிய வாடகை வீடு போன்றது அது. 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸ் ஆரம்பத்தில் சற்றுப் படுத்தும். எனினும் அது எவரும் எடுத்தாளக்கூடிய திறந்த மென்பொருளாகையால், எழுதியதனைத்தையும் ஒரு கோப்பாகத் திரட்டி வேறொரு சர்வருக்குக் குடிபெயர்ந்துவிடலாம். 2018-இல் வந்த அதன் ‘பிளாக்’ முறை, பத்தி, படம், பட்டியல் என்று துண்டு துண்டாகப் பக்கத்தை அடுக்க விடுவதால், முன்பிருந்த சிரமமும் ஓரளவு குறைந்துவிட்டது. எனவே எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும், உள்ளே நுழைவது எவ்வளவு சுலபம் என்று பார்ப்பதோடு நில்லாமல், வெளியே போவது எப்படி என்பதையும் முதல் நாளே விசாரித்துவிட வேண்டும்.

விலாச விஷயமும் இதைச் சேர்ந்ததே. சேவை நிறுவனத்தின் பெயரை வாலாகக் கொண்ட இலவச விலாசத்தை நம்பாமல், வருஷச் சந்தா கட்டித் தம் பெயரில் ஒரு டொமைனைப் பதிவுசெய்துகொண்டால், நாளைக்குக் கருவியை மாற்றினாலும் வாசகருக்கு விலாசம் மாறாது. டாட் இன், டாட் காம் போன்றவற்றோடு டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் விலாசங்களும் இப்போது உள்ளன. பதிவு எவர் பெயரில், எவருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை மட்டும் மறவாமல் கவனிக்க வேண்டும். தளம் அமைத்துக் கொடுத்த டிசைனரின் பெயரில் இருந்து, பிற்பாடு அவரைத் தேடித் திரிந்தவர்கள் உண்டு.

தமிழில் தளம் அமைப்பவருக்கு ஒரு காலத்தில் இருந்த சங்கடம் இன்றைய இளைஞர்களுக்குத் தெரிய நியாயமில்லை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. வாசகர் அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகக் காட்சியளிக்கும். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளை அங்கீகரித்தது; வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கி என்ற வேறொரு முறையை ஆதரித்தார்கள். 1991 முதலே தமிழுக்கு இடம் கொடுத்திருந்த யூனிகோடு, விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு வந்து, பிறகு மெள்ள மெள்ளப் பரவிய பின்னரே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஆனால் வேறொரு தொல்லை மிஞ்சியிருக்கிறது. டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. ‘அபௌட்’ என்ற சொல்லுக்கு அளவெடுத்த மெனுவில் ‘என்னைப் பற்றி’ அடங்காமல் இரண்டாவது வரிக்கு வழியும். மேலே விசிறியும் கீழே கொக்கியுமாக நிற்கும் நம் எழுத்துகள், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டின் ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், பிரவுசர் தனக்குக் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்தைப் போட்டு ஒப்பேற்றும். தலைப்பு ஒரு ஜாதி, பத்தி ஒரு ஜாதியாக நிற்கும். இதற்குப் பரிகாரம் கடினமன்று. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் முதலிய இலவசத் தமிழ் எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்து, வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் ஒன்றேமுக்கால் மடங்குக்கு உயர்த்தி, மெனுச் சொற்களைக் குறுக்கிவிட்டால் பக்கத்தின் முகமே மாறிவிடும். கைபேசியில் எடுத்த புகைப்படங்கள் நாலைந்து மெகாபைட் கனமுள்ளவை. அவற்றைச் சில நூறு கிலோபைட்டுக்குச் சுருக்கியே ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்ததும், பெரிய திரையை மூடிவிட்டு, வீட்டிலுள்ள பழைய கைபேசி ஒன்றில், வைஃபை இல்லாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விலாசத்தை நாலு பேருக்கு அனுப்ப வேண்டும்.